செவ்வாய்க்கிழமைக் கடை

எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் யாராவது "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டால் உடனே பதில் வராது. மூக்குக் கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கி, கேட்டவர் முகத்தை ஒருமுறை அளந்து பார்ப்பார். பிறகுதான், "ஏன், யாரும் ஏதும் சொன்னாங்களா?" என்பார். எத்தனையோ வருடம் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தோம். ஒரு நாளாவது "நல்லா இருக்கேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதியது காதுக்குப் போனால், எதற்கு எழுதினாள், யார் எழுதச் சொன்னது, இதில் அவளுக்கு என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டு, எங்கிருந்தாலும் பஸ் பிடித்து வந்துவிடுவார். கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அவர் அக்காதான். மூலை வீட்டுச் சீனக் கிழவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஆயர் ஈத்தாமிலிருந்து பூச்சட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராக நர்சரிகளில் இறக்கும் சின்ன லாரி ஒன்று வைத்திருந்தார். பேச்சு மிகக் குறைவு. பேசினால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

நான் அப்போது கூலாய் டவுனில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தேன். அதனால் தாமானில் யாருடைய போனுக்கு என்ன வந்தாலும் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். பகலெல்லாம் போன், சாயங்காலமும் போன் என்றால் எந்த மனுஷிக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அக்காவிடம் எரிந்து விழ முடியாது. விழுந்தால், இவளுக்கு இன்றைக்கு என்ன ஆச்சு, புருஷனோடு சண்டையா என்று அதற்கும் ஒரு விசாரணை நடக்கும்.

கடைகளில் போனைத் தட்டினாலே காசு கட்டலாம் என்று வந்த புதிதில் ஒரு சாயங்காலம் வந்து என் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"இதத் தட்டுனா காசு போயிடுமாமே?"

"ஆமாக்கா. ஈஸிதான்."

"ஈஸினா எவனுக்கு ஈஸி? எனக்கா, எடுக்கிறவனுக்கா?"

"மெஷின் பக்கத்துல வெச்சாதான்கா போகும்."

"எவனாவது மெஷின பைக்குள்ள ஒளிச்சு வெச்சிக்கிட்டு என்னை ஒரசிக்கிட்டு நின்னா?"

"நீங்க வெரல் வெச்சுத் தெறந்தாதான் போகும். சும்மா போகாது."

"நான் தூங்கும்போது என் வெரல எடுத்து வெச்சா?"

"அக்கா, வீட்டுல நீங்களும் அண்ணனும் மட்டும்தான இருக்கீங்க."

"அதத்தான் புள்ள நானும் சொல்றேன்."

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அதையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

ஒருவழியாகப் போட்டுக்கொடுத்தேன். அதன் பிறகு கொஞ்ச நாள் போனை அலுமினியத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். தாள் சுற்றினால் எந்தத் திருடனும் உள்ளே புக முடியாது என்று யாரோ சொன்னார்களாம். திருடன் மட்டுமா, கோயில் பூசாரியின் அழைப்பும் உள்ளே புகவில்லை. அந்த மாதப் பௌர்ணமி பூசையின் நேரம் மாறிய செய்தி அக்காவுக்குக் கிடைக்கவில்லை. பூசாரி வேண்டுமென்றே தன்னை ஒதுக்கிவிட்டார் என்று ரொம்ப நாள் அவரிடம் திருநீறு வாங்காமல் இருந்தார். காரணத்தை நான் விளக்கிச் சொன்னேன். "அப்படியும் இருக்கலாம்" என்றார். அவருடைய அகராதியில் அதற்கு 'நம்பவில்லை' என்று அர்த்தம்.

சூப்பர் மார்க்கெட்டில் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பது ஒரு தண்டனை. முதலில் திரும்பி நம்மைப் பார்ப்பார். பிறகு இடது கையால் மெஷினை மறைத்துக்கொண்டு வலது கையால் போனை வைப்பார். சத்தம் வரும். நகர மாட்டார். போனுக்குச் செய்தி வர வேண்டும், அதில் உள்ள தொகையும் மெஷினில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும், அதன் பிறகுதான் பையைத் தூக்குவார். கல்லாவில் இருக்கும் மலாய்ப் பிள்ளைகள் அவரைப் பார்த்தாலே உட்கார்ந்து ஓய்வெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை பசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் விற்கும் ஒரு சீனர் இருந்தார். அவர் கடையில் ஸ்கேன் பண்ணும் அட்டை ஒன்று தொங்கும். அக்கா ஒருநாள் ஸ்கேன் பண்ணியபோது திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. மற்றவர்கள் யாரும் அந்தப் பெயரைப் படிப்பதே இல்லை. அக்கா படித்தார். மீனைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, "இது யாரு?" என்றார். "என் பொண்டாட்டி லா" என்றார் மீன்காரர் மலாயில். "பொண்டாட்டினு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அக்காவும் மலாயிலேயே கேட்டார். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மீன்காரர் தலையில் அடித்துக்கொண்டு மனைவியை வீடியோவில் கூப்பிட்டார். தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மாள் திரையில் வந்து கையாட்டினார். அக்கா அவரிடம் பெயரைச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுத்தான் கெம்போங் மீன் வாங்கினார். நான் பக்கத்துக் காய்கறிக் கடையில் யாரோபோலத் திரும்பி நின்றுகொண்டேன்.

இப்படியே போயிருந்தால் ஊர் அவரைக் கிண்டல் செய்துகொண்டு இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒருமுறை அவர் சந்தேகம் பலித்துவிட்டது. அதுதான் வினையாகப் போனது.

தாமான் முகப்பில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஒரு மலாய்ப் பெண்ணின் கடை. ஒருநாள் காலை ஸ்கேன் பண்ணிய அக்கா அப்படியே நின்றுவிட்டார். "நேத்து வந்த பேரு இது இல்ல" என்றார். அட்டையை நகத்தால் சுரண்டினார். மேலே ஒட்டியிருந்த ஒட்டுத்தாள் கழன்று வந்தது. அடியில் இன்னொன்று இருந்தது. எவனோ இரவோடு இரவாகத் தன் கணக்கை அந்தப் பெண்ணின் கணக்குக்கு மேல் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். விடிந்ததிலிருந்து வாங்கிய அத்தனை பேரும் அவனுக்குத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவுக்கு அன்றைக்கு முகம் எப்படி மலர்ந்திருந்தது தெரியுமா? அதற்குப் பிறகு தாமான் பெண்கள் எல்லாம் அவரிடம்தான் போனைக் கொண்டுவந்து காட்டினார்கள். இந்தச் செய்தி நிஜமா, இந்தப் பரிசு நிஜமா, இந்த மாப்பிள்ளை நிஜமா. அக்கா எல்லாவற்றையும் பார்த்து, எல்லாமே பொய் என்று சொல்லி அனுப்பினார். பாதி சரியாகவும் இருந்தது.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "கேட்டா பொய் சொல்வாங்க. அதனால நான் கேக்க மாட்டேன். பாப்பேன்."

அவருடைய ஒரே மகளின் விஷயத்திலும் அப்படித்தான் பார்க்கப் போனார். இது போனைத் தட்டும் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். பத்து பகாட்டில் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நிச்சயமும் ஆகிவிட்டது. பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுப்பதில்லை என்று அக்கா கண்டுபிடித்தார். அப்படியென்றால் அவனுக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது. வேறென்ன? யாரிடமும் சொல்லாமல் அவன் வேலை செய்த தொழிற்சாலைக்குப் போய்க் காவலாளியை விசாரித்தார், சூப்பர்வைசரை விசாரித்தார், அவன் வீட்டு வரிசையில் வீடு வீடாக விசாரித்தார். அவன் சனிக்கிழமை இரவு வேலை முடித்துவிட்டு ஞாயிறு முழுக்கத் தூங்குகிறான் என்பதுதான் உண்மை. நிச்சயத் தட்டு திரும்பி வந்துவிட்டது. "இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா நாளைக்கு எங்க வீட்டுச் சட்டிய ஒவ்வொண்ணா தெறந்து பாப்பாங்க" என்று பையனின் தாயார் சொல்லி அனுப்பினாராம். அவரையும் குறை சொல்ல முடியாது.

மகள் ஒரே ஒரு பையோடு கிளம்பினாள். "இந்த வீட்டுக் காசு ஒரு சென்கூட எனக்கு வேணாம். என்னைத் தேடாதீங்க" என்றாள். வாசலில் நின்று இதை நான் என் காதால் கேட்டேன். நம்பரையும் மாற்றிவிட்டாள். எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச முடியாது. அண்ணன் ஒருமுறை, யாரோ அவளை மலாக்காவில் பார்த்தார்களாம் என்று சொல்லிவிட்டார். "யாரு பாத்தது? ஒங்ககிட்ட மட்டும் ஏன் சொன்னாங்க? எனக்குத் தெரியாம அவகூடப் பேசிக்கிட்டு இருக்கீங்களா?" என்று அக்கா ஆரம்பித்தது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. அண்ணன் அதோடு வாயை மூடிக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது, எடுத்தால் மோசடிக்காரன்தான் என்று தாமானுக்கே பாடம் எடுத்தவர் அக்கா. அவருடைய போனுக்குத் தெரியாத நம்பர் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். எடுத்து "அலோ" என்பார்.

அண்ணன் எப்போதும் சட்டைப்பைக் காசுக்காரர். காசு எங்கே போகிறது என்று பார்க்க முடியாதது அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் இருவர் பெயரிலும் சேர்ந்து இருந்த வங்கிக் கணக்கை இரண்டு பேர் போனிலும் போடச் சொல்லி என்னிடம் வந்தார். யார் தட்டினாலும் எந்தக் கடை, எவ்வளவு என்று இரண்டு போனுக்கும் செய்தி வரும். அண்ணன் போனை என்னிடம் நீட்டியபோது, "ஏம்மா, இதுல நான் என்னா சாப்புட்டேன்னுகூடத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். கடைப் பெயர்தான் தெரியும் என்றேன். "அது போதும்" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அக்காவுக்குப் பொழுது போயிற்று. செய்தி வரும். "இந்தா, பொந்தியான்ல மீன் கடையில சாப்புட்டிருக்காரு. வந்து பசிக்கலனு சொல்வாரு பாரு." செய்தி வரும். "டீசல் போட்டாச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல வரணும். வரலனா பேசிக்கிறேன்." பாவம் மனுஷன், லாரிக்குள் இருந்தாலும் இந்த வீட்டுக் கூடத்தில் நடமாடுவதுபோலத்தான். ஆனால் அவர் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. டீசலும் சாப்பாடும் தட்டுவார். மற்றதெல்லாம் பழையபடி சட்டைப்பைக் காசுதான். சிகரெட், நாலு நம்பர் சீட்டு, நண்பர்களுக்கு வாங்கிக்கொடுக்கும் பீர், எதுவுமே போனுக்கு வராது. அக்காவுக்கும் அது தெரியும்.

பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைகள் ஆரம்பித்தன.

அண்ணனுக்குச் செவ்வாய் என்றால் பெக்கான் நானாஸ் பக்கத்து நர்சரிகள். அந்த ஊரில் ஒரு மினி மார்க்கெட். ஒவ்வொரு செவ்வாயும் அதே கடையிலிருந்து செய்தி. சின்னத் தொகைதான்.

"தண்ணி போத்தல் வாங்குவாருக்கா" என்றேன்.

"தண்ணி போத்தலுக்கு எதுக்கு ரெண்டு தடவ தட்டணும்?"

போனை என் மூக்கருகில் நீட்டினார். உண்மைதான். ஒரே கடை. ஒருமுறை தட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டியிருக்கிறார். முந்தின வாரமும் அப்படியே. அதற்கு முந்தின வாரமும் அப்படியே.

"மறந்துட்டு மறுபடி போயிருப்பாரு."

"வாராவாரமா மறப்பாரு?"

இங்கேதான் அக்காவின் சந்தேகம் எனக்கும் தொற்றியது. ஒரு மனிதன் ஒரே கடைக்குள் அவ்வளவு நேரம் என்ன செய்வான்? அங்கே யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு இரவு என் புருஷன் சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து வந்ததும், "தினமும் அதே காப்பிக் கடையில என்னா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "எதிர்வீட்டுக் காத்து அடிச்சிருச்சா ஒனக்கும்?" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதில் சொல்லவில்லையே என்று மனம் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொண்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணன் தூங்கும்போது அக்கா லாரியைச் சோதனை போட்டார். இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அதைத் தூக்கிக்கொண்டு நேரே என் சமையலறைக்கு வந்து மேசைமேல் கவிழ்த்தார். ஹேர் கிளிப். பிறந்தநாள் மெழுகுவர்த்தி. முகப் பவுடர். கொசுவத்திச் சுருள். பேட்டரி. காய்ச்சலுக்கு நெற்றியில் ஒட்டும் பிளாஸ்டர். எதுவும் பிரிக்கப்படவில்லை.

"இவருக்கு எதுக்கு ஹேர் கிளிப்பு?" என்றார். அண்ணனுக்கு முழு வழுக்கை. "மெழுகுவத்தி யாருக்கு? எவ பொறந்தநாளு?"

"அண்ணன்கிட்டயே கேட்டுருங்கக்கா."

"கேட்டா சொல்வாரு. ஏதோ ஒண்ண சொல்வாரு. அப்பறம் நான் என்னா செய்வேன்?"

நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். சின்ன முகம்.

"வீடு அவரு பேருல இருக்கு புள்ள. அது போனா போவுது. மகதான் போயிட்டா. இவரும் போயிட்டா அந்த வீட்டுல நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன்? பயமா இருக்கு."

பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஊரையே பயமுறுத்தும் மனுஷி அல்லவா? எனக்கு அண்ணன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஊமைக் கோட்டானுக்கு இந்த வயதில் இது தேவையா? செவ்வாய்க்கிழமை நான் லீவு போடுகிறேன், நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று சொன்னது நான்தான்.

போனோம். அக்கா என் கறுப்புக் கண்ணாடியை வாங்கித் தன் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்திருப்பேன். வழி நெடுக அன்னாசித் தோட்டம். அக்கா கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டே வந்தார்.

பெக்கான் நானாஸில் அந்த மினி மார்க்கெட் ஒரு கடை வரிசையின் நடுவில் இருந்தது. சற்றுத் தள்ளி அண்ணனின் லாரி நின்றது. நான் எதிர்ப்பக்கம் ஓர் இரும்புச் சாமான் கடையை ஒட்டி வண்டியை நிறுத்தினேன்.

போன் சிணுங்கியது. அக்கா பார்த்தார். அதே கடை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வெளியே வருவார் என்று பார்த்தோம். வரவில்லை. என்னென்னவோ தோன்றியது எனக்கு. கடைக்குப் பின்னால் வீடு இருக்குமோ, மாடியில் யாரும் இருப்பார்களோ. போன் மறுபடியும் சிணுங்கியது.

அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் பிரேக் போட்டுத் திட்டினான். அதைக் காதில் வாங்காமல் சாலையைக் கடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கண்ணாடிக் கதவுக்கு ஒரு முழம் முன்னால் அவர் நின்றுவிட்டார். அவர் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன்.

கல்லாவுக்கு முன்னால் அண்ணன். கல்லாவுக்குப் பின்னால் நீலச் சட்டைச் சீருடையில் அவர்கள் மகள்.

அவர்கள் பேசவில்லை. அவள் மெஷினை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனை அதன்மேல் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார். தட்டி முடிந்து சத்தம் வந்த பிறகும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவள் ஒரு பாக்கெட்டைப் பையில் போட்டு அவரிடம் கொடுத்தாள். பின்னால் நின்ற ஆள் முன்னால் வந்தார். அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒருமுறை வாங்கிவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றிருக்கிறார். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு. அது ஹேர் கிளிப்பாக இருந்தால் என்ன, மெழுகுவர்த்தியாக இருந்தால் என்ன?

அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சால்வையும் இரட்டைக் கண்ணாடியுமாக நின்ற மனைவியைப் பார்த்தார். திடுக்கிடுவார் என்று நினைத்தேன். இல்லை.

"இவ்வளவு நாளா ஆச்சு, ஒனக்கு வர்றதுக்கு?" என்றார்.

அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"தெரியாமயா? காசு குடுத்து வாங்கியிருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அக்காவின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒட்டுத்தாளுக்கு அடியில் இருந்த ஒட்டுத்தாளைக் கண்டுபிடித்தவர். சிகரெட்டுக்கும் சீட்டுக்கும் காசு கொடுக்கத் தெரிந்த மனுஷன் இங்கே மட்டும் ஏன் வாராவாரம் தட்டுகிறார் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவரோடு சேர்ந்து கெட்டுப்போன எனக்கும் தோன்றவில்லை.

"வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்று நான்தான் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டேன். கோபமாகவும் இருந்தது.

"சட்டி எறக்க வந்த எடத்துல ஒருநா கொசுவத்தி வாங்கலாம்னு உள்ள போனேன்மா. இவ நின்னுக்கிட்டு இருந்தா. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுனு சத்தியம் கேட்டா. குடுத்துட்டேன்." அண்ணன் பையைக் கைமாற்றிக்கொண்டார். "சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். தட்ட மாட்டேன்னு பண்ணல."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, சற்றுக் குரலை இறக்கி, "வாயால சொன்னா நீ எங்க நம்புவ?" என்றார்.

அக்கா திரும்பிக் கார் பக்கம் நடந்தார். "வா புள்ள, போலாம்."

"அக்கா, உள்ள போங்க."

"என்னைப் பாத்தா இந்த வேலையையும் விட்டுட்டுப் போயிடுவா. இப்பவாச்சும் இவரு கண்ணால பாக்குறாரு. என்னால அதுவும் போயிடும்." திரும்பிக் கடையைப் பார்த்தார். "அவளா வீட்ட விட்டுப் போனா? நானாதான..." என்று நிறுத்திக்கொண்டார்.

"அவ போகமாட்டான்னு நீங்க சொல்லுங்களேன்" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இவரைப் போய் என்னென்ன நினைத்துவிட்டோம்.

பிறகு அக்கா சால்வையைத் தலையிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் கதவோரம் நின்றுகொண்டேன். எதையோ எடுத்தார். என்ன என்று அவரே பார்க்கவில்லை. வரிசையில் போய் நின்றார். முன்னால் ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளி, கையில் முட்டை அட்டையோடு. அவன் கட்டிவிட்டு நகர்ந்தான்.

மகள் நிமிர்ந்தாள்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். உள்ளே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அம்மா கையிலிருந்த பொருளை வாங்கி, சிவப்பு விளக்கில் காட்டி, மற்ற எல்லாரையும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"கேஷா, தட்டுறீங்களா?"

அக்கா போனை எடுத்தார். விரலை வைத்தார். திறக்கவில்லை. மறுபடி வைத்தார். வேர்வையும் கண்ணீருமாக விரல் ஈரமாக இருந்திருக்கிறது. மறுபடியும் இல்லை. பின்னால் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். மெஷினை மறைக்கவில்லை, யார் பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார்.

"கையத் தொடைங்க" என்றாள் மகள்.

அக்கா சேலையில் துடைத்தார். அப்போதும் திறக்கவில்லை. மகள் கல்லாவுக்கு மேலாக எட்டி அந்தக் கட்டை விரலைப் பிடித்தாள். ஒரு டிஷ்யூவை எடுத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தாள். விரலைத் தானே போன்மேல் வைத்தாள். திறந்ததும், மணிக்கட்டைப் பிடித்தபடியே போனை மெஷினிடம் கொண்டுபோனாள். சத்தம் வந்தது. செய்தியும் வந்தது. அக்கா போனைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எளைச்சிட்ட" என்றார். அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "சாப்புடுறியா இல்லையா?"

"சாப்புடுறேன்."

"பொய் சொல்லாத."

"சாப்புடுறேன்மா."

"நம்ப மாட்டேன். வீட்டுக்கு வந்து என் கண்ணு முன்னால சாப்புடு."

மகள் பின்னால் நின்றவரின் சாமானை இழுத்துப் பதிந்து, காசு வாங்கி, மீதி கொடுத்தாள். பிறகு உள்ளே அலமாரியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக் கல்லாவில் உட்காரச் சொன்னாள். அக்கா பொருளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். துரத்தப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"வீட்டுக்கெல்லாம் வர முடியாது" என்றாள் மகள் வெளியே வந்து. "எனக்கு இப்ப பிரேக். பக்கத்துல ரொட்டிக் கடை இருக்கு. வாங்க, அங்க சாப்புடுறேன். பாத்துக்குங்க."

நாங்கள் நாலு பேரும் அந்த ரொட்டிக் கடையில் போய் உட்கார்ந்தோம். பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வந்தது. மகள் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டாள். அக்கா தன் தேத்தண்ணியைத் தொடாமல், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வாயும் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசித் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு மகள் காலித் தட்டை அம்மா பக்கம் தள்ளினாள்.

"இப்ப நம்புறீங்களா?"

அக்கா தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இன்னொரு ரொட்டி சாப்புடு" என்றார். "அப்பறம் சொல்றேன்."